பின்னால் பார்க்காத ரெஃபரி

முப்பத்தெட்டு வயது வரைக்கும் ரெஸ்லிங் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்த ஆள் நான். இதை முதலே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்த வயதில் எனக்கு மனைவி இருந்தாள், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், மட்டைப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் பதினொரு பேருக்கு மேற்பார்வையாளன் என்ற பதவியும் இருந்தது. திங்கட்கிழமை காலைகளில் அந்தப் பதினொரு பேரும் கோப்பிக் குவளைகளோடு என்னைச் சுற்றி நிற்பார்கள். போன கிழமை யார் யாருடைய முதுகை முறித்தான், அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று நான் கை காலெல்லாம் ஆட்டி விளக்குவேன். அவர்கள் ரசித்தது ரெஸ்லிங்கை அல்ல என்பது எனக்கு வெகுகாலம் பிடிபடவில்லை.

அப்படியொரு காலத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மனைவியையும் இழுத்துக்கொண்டு பக்கத்து நகரமான ஒஷாவாவுக்குப் போனேன். தொலைக்காட்சியில் வராத சின்னக் கொம்பனி. ஒரு சமூக மண்டபம், நடுவில் ரிங், சுற்றிவர இருநூறு கதிரை. நாங்கள் முதல் வரிசை. நல்லவன் வெள்ளைக் காற்சட்டை, கெட்டவன் கறுப்பு. கெட்டவன் நல்லவனைக் கயிற்றில் சாத்தி வைத்துக் கழுத்தை நெரிக்கிறான். ரெஃபரி அந்த நேரம் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து சப்பாத்து நாடா கட்டுகிறார். கெட்டவன் காற்சட்டைக்குள் கையை விட்டு ஒரு சங்கிலியை எடுக்கிறான். மண்டபமே கத்துகிறது. ரெஃபரி ஆறுதலாக மற்றச் சப்பாத்துக்குப் போகிறார்.

நான் கதிரைமேல் ஏறி நின்றேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் வராது.

"டேய் குருட்டு ரெஃபரி, பின்னால பாரடா."

"இஞ்சாருங்கோ, இருங்கோ. சனம் பாக்குது" என்றாள் மனைவி.

"சனம் பாத்தென்ன? பாக்கவேண்டியவன் பாக்கிறானில்லையே."

ரெஃபரி கயிற்றின் இறுக்கத்தைச் சோதிக்கிறவர்போல எங்கள் பக்கம் வந்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுபோட்ட சேட். கட்டையான, மெலிந்த மனிதர். மீசை பாதி நரைத்திருந்தது. முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்.

"தம்பி, இறங்குங்கோ. உது மடக்குக் கதிரை."

ரெஃபரி தமிழில் கதைத்ததை நான் விளங்கிக்கொள்வதற்கிடையில் கதிரை மடிந்துவிட்டது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் உண்மையாக விழுந்த ஒரே ஆள் நான்தான்.

எல்லாம் முடிந்த பிறகு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் முழங்கையில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு இருந்தேன். மற்றக் கையைப் பிடித்தார்.

"அமத்துங்கோ."

"என்னத்தை?"

"என்ரை கையை."

அமத்தினேன். "சரி, ஒண்டுமில்லை" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேச்சில் மன்னார் வாடை அடித்தது, ஏதோ அந்தப் பக்கத்து வைத்தியம் என்று நினைத்தேன். அது அவருடைய தொழில் என்று பிறகுதான் அறிந்தேன். ரிங்கில் ஒருவன் எழும்பாமல் கிடந்தால் ரெஃபரி பக்கத்தில் முழங்காலில் இருந்து அவன் கையைப் பிடிப்பார். வாயால் கேட்டால் சனத்துக்குக் கேட்டுவிடும் என்பதால் கையால் கேட்பது. கிடப்பவன் ஒருமுறை அமத்தினால் சுகமாக இருக்கிறான், ஆட்டம் நடக்கலாம். அமத்தாவிட்டால் ரெஃபரி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்துக் காட்டவேண்டும். திரைக்குப் பின்னால் உள்ளே இருப்பவர்கள் அதைக் கண்டால் ஓடி வருவார்கள். முழுக்க முழுக்கப் பொய்யான அந்த வேலையில் உண்மைக்கென்று அவர்கள் வைத்திருந்த அடையாளம் அது ஒன்றுதான்.

கிழமை நாட்களில் அவர் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக்கட்டிடத்தைப் பராமரிக்கிற சூப்பரின்டென்ட். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இரண்டு வேலைக்கும் ஒரே திறமையைத்தான் பாவித்தார். பார்க்காமல் விடுவது.

ஏழாம் மாடியில் ஓர் அறை வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் புதிதாக வந்து அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள். வாடகைப் பத்திரத்தில் இரண்டு பெயர். கட்டிடச் சொந்தக்காரரின் ஆள் வந்து கேட்டபோது இவர் அந்த மாடிக்கு எலிவேட்டர் வேலை செய்யாது என்று சொல்லி, தானே போய் அதை நிறுத்தியும் வைத்தார். "ஒன்பது பேர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை?" என்று நான் கேட்டேன். "எனக்கு மூண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்" என்றார். ரெஸ்லிங்கில் ரெஃபரி மூன்று எண்ணினால் ஆட்டம் முடிந்தது.

இன்னொரு வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் குளியலறைக் கதவைத் திறந்தால் உள்ளே தொட்டியில் ஒரு முழு ஆடு. ஐந்து வீட்டுக்காரர் சேர்ந்து பண்ணையில் வாங்கிவந்து பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தியோடு நின்றவர் அப்படியே உறைந்துவிட்டார். "தண்ணி எண்டுதானே சொன்னீங்கள், நான் தண்ணியை மட்டும்தான் பாக்கிறன்" என்று சொல்லி, ஆட்டுக்கு மேலால் கையை நீட்டிக் குழாயை இறுக்கிவிட்டு வந்தார். அன்று பின்னேரம் அவர் கதவடியில் ஒரு பை இறைச்சி இருந்ததாம். யார் வைத்தது என்று தான் பார்க்கவில்லை என்றார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி நான் பழகுவதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். எப்படி ரெஃபரி ஆனார் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மறுமொழி வரும். ஒரு முறை சொன்னது இது: ரிங் பூட்டுகிற வேலைக்குப் போனாராம், பனிக்கொட்டலால் அன்றைக்கு ரெஃபரி வரவில்லையாம், சேட்டைப் போட்டுப் பார்த்தார்களாம். "அளவா இருந்தது." அவ்வளவுதான் விளக்கம். நான் ஒருவழியாக உண்மை அறிந்து, என் நெஞ்சு வெடித்து, பதினொரு பேரிடமும் மன்னிப்புக் கேட்ட பிறகும்கூட அவர் என்னிடம் ஒரு நாளும் அது நாடகம் என்று ஒப்புக்கொண்டதில்லை.

"ஆர் வெல்லுறதெண்டு முதலே சொல்லி வைப்பினமோ அண்ணை?"

"மூண்டு எண்ணி முடிஞ்சாப் பிறகுதான் தம்பி எனக்கே தெரியும்."

"சும்மா விடுங்கோ. எனக்கு எல்லாம் தெரியும்."

"அப்ப ஏன் கேக்கிறியள்?"

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார். மனைவி அவருக்கென்று சீனி குறைத்துத் தனியாக ஊற்றுவாள். அது ஒரு நாள் நின்றது. அவருடைய கட்டிடத்தில் நாலாம் மாடியில் ஒரு பெண் இருந்தாள், என் மனைவியோடு தையல் வேலை செய்தவள். கோடை காலத்திலும் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவாள். ஒரு சனிக்கிழமை மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"அண்ணை, நாலாம் மாடியில நடக்கிறது உங்களுக்குத் தெரியாதோ?"

"என்ன பிள்ளை?"

"சத்தம் கேக்கிறேல்லையோ?"

"வீட்டுக்கை நடக்கிறதை நான் பாக்கிறேல்லைப் பிள்ளை."

மனைவி எழும்பிப் போனாள். பிறகு அவர் வந்தாலும் தேத்தண்ணியை நான்தான் போடவேண்டும். என் தேத்தண்ணியைக் குடித்தவர்களுக்குத் தெரியும் அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று. அந்தப் பெண் சில மாதங்கள் கழித்து இரண்டு பைகளோடு தானாகவே வெளியேறினாள். அவர் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றதாக அவளே மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் மேல் எனக்கிருந்த பிரியம் குறையவில்லை. ஆனால் ஒன்பது பேரைப் பார்க்காத கண்ணும் அந்தச் சட்டைக் கையைப் பார்க்காத கண்ணும் ஒன்றுதான் என்பது அதன் பிறகு நினைவில் வந்து குத்தும்.

ரூபனை அந்தக் கொம்பனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இவர்தான். அதே கட்டிடத்தில் வளர்ந்தவன். இருபத்திநாலு வயது, ஜிம்முக்குப் போய்ப் போய்க் கதவளவு தோள். கொம்பனி நடத்தியவர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் தீவுப்பகுதி என்பதால் அவன் உண்மையாகவே "தீவு" என்றிருக்கிறான். அவருக்குத் தெரிந்த தீவெல்லாம் கரீபியன் தீவுதான். அடுத்த ஞாயிறு ரூபன் தென்னைமரம் போட்ட காற்சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக, யமேக்கா மேளத்தோடு ரிங்குக்கு வந்தான். பெயர் "ஐலன்ட் தண்டர்". அவனுடைய தாய் பூசை முடிந்த கையோடு வந்து முன்வரிசையில் இருந்து செபமாலை உருட்டினார். "ஆன்ரி, உது சும்மா நடிப்பு" என்று நான் தேற்றுவேன். அப்போது நான் எல்லாம் தெரிந்தவன். கதிரைமேல் ஏறி நின்ற கதையை மறக்கடிக்க வேண்டுமே, அதனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் எது எப்படி நடிப்பு என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ரெக்ஸ்டேலில் நடந்த ஆட்டத்தன்றும் எடுத்தேன். வைக்கோல் நிறத் தாடி வைத்த ஒரு பெரிய மனிதன் ரூபனோடு மோதினான். மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து அவனைத் தூக்கிப் போட்டான். ரூபன் விழுந்த விதம் கொஞ்சம் கோணலாக இருந்தது. எழும்பவில்லை. தாய் எழும்பினார்.

"இருங்கோ ஆன்ரி" என்றேன். "எவ்வளவு திறமா நடிக்கிறான் பாருங்கோ."

ரெஃபரி அண்ணை முழங்காலில் இருந்தார். கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழும்பி, தாடிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். தாடிக்காரன் ரூபனைத் தூக்கி இரண்டாவது முறையும் போட்டான். நான் கைதட்டினேன். அண்ணை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக உயர்த்தியதை அதன் பிறகுதான் கண்டேன். பொய்யாய் அடித்தபோது நம்பிக் கதிரையில் ஏறினவன், உண்மையாய் விழுந்தவனுக்குக் கைதட்டினேன். அந்தத் தாய் அதன் பிறகு என்னோடு கதைத்ததில்லை. நானாக இருந்தாலும் கதைத்திருக்க மாட்டேன்.

ரூபனுக்கு இடுப்புக்குக் கீழே போய்விட்டது. கைகள் பாதி வேலை செய்தன. முதல் விழுகையிலேயே முறிந்ததா, இரண்டாவதிலா என்று டொக்டர்மாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவனே கையை அமத்தினான். தனக்குச் சுகம் என்று அவனே காட்டினான். ரெஃபரி என்ன செய்வார், தாடிக்காரன் என்ன செய்வான்? கொம்பனியில் அப்படித்தான் சொன்னார்கள். கோயிலில் அப்படித்தான் சொன்னார்கள். தகப்பன்கூட "வீரம் காட்டப் போனவன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். ரூபனுக்கு அந்த நாளே ஞாபகத்தில் இல்லை. அதனால் மற்றவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டான். "ஐ ஆம் ஓகே எண்டு நானே சொன்னனாம், அங்கிள். எவ்வளவு ஸ்டுப்பிட்" என்று ஒரு முறை என்னிடம் சிரித்தான்.

அண்ணை அடுத்த நாளே கோடுபோட்ட சேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சூப்பரின்டென்ட் வேலையையும் விட்டு வேறு கட்டிடத்துக்குப் போனார். ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போவார், கடைசி வரிசை வாங்கில் இருப்பார். ரூபனின் சக்கர நாற்காலி சரிவுப் பாதையால் ஏறி உள்ளே வருகிறபோது பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொள்வார். ஒரு நினைவுப் பூசைக்குப் போனபோது நானே அதைக் கண்டேன். புத்தகம் தலைகீழாக இருந்தது. அதைச் சொல்லிப் பகிடி பண்ணலாம் என்று பக்கத்தில் போனவன், பண்ணாமல் திரும்பி வந்தேன்.

இப்படிப் பன்னிரண்டு வருடம் போனது.

போன மாரியில் அவருக்கு நுரையீரல் வருத்தம் முற்றி ஸ்காபரோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மத்தியானங்களில் போய் இருப்பேன். அங்கே இருக்கும்போதுதான் அந்த அழைப்பு வந்தது. கொம்பனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஆனால் பழைய ஆட்களெல்லாம் சேர்ந்து ஒரு ஹால் ஒஃப் ஃபேம் தொடங்கியிருந்தார்கள். வருடம் ஆறு பேரை அழைத்துச் சாப்பாடு போட்டு, பெயர் பொறித்த பலகை கொடுத்து, தங்கள் கீர்த்தி மண்டபத்தில் சேர்ப்பார்கள். மண்டபம் என்று ஒரு கட்டிடம் கிடையாது. ஒருவருடைய நிலக்கீழ் அறையில் ஒரு சுவர். இந்த முறை அந்தச் சுவரில் இவருடைய படமும்.

அவர்களிடம் ஒரு வழக்கம். சேர்க்கப்படுகிறவரை மேடையில் அறிமுகம் செய்வது அவருடைய பழைய எதிரியாக இருக்கவேண்டும். வாழ்நாள் முழுக்க அடித்தவன் வந்து, இவனைப்போல நல்லவன் இல்லை என்று அழவேண்டும். ரெஃபரிக்கு எதிரி யார்? தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள்.

"நான் உங்கடை பேரைக் குடுத்திட்டன், தம்பி" என்றார்.

"நான் எப்ப அண்ணை உங்களுக்கு எதிரியா இருந்தனான்?"

"குருடன் எண்டு ஏசினனீங்கள்தானே."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூக்கில் மாட்டியிருந்த ஒட்சிசன் குழாயைச் சரிசெய்தார்.

"நான் அதுக்கு வரமாட்டன் எண்டு நினைக்கிறன். நீங்கள் போகோணும். பகிடி விடுங்கோ, பரவாயில்லை. முடிவில ஒரு விசயம் வாசிக்கோணும். பேனை இருக்கோ?"

பேனை இருந்தது. கடதாசி இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டில் வந்த உணவுப் பட்டியலின் பின்பக்கத்தை எடுத்தேன்.

"அவன் அமத்தேல்லை."

"ஆர்?"

"ரூபன். நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். அது சும்மா கிடந்தது, தோச்ச துணி மாதிரி. காதுக்கை பூட்டின கருவியில உள்ளுக்கிருந்து கத்துறாங்கள், நேரம் போட்டுது, முடி முடி எண்டு. அப்ப ஒரு விரல் அசைஞ்சது. என்ரை விரல். அவன்ரை எண்டு எடுத்திட்டன்."

"உங்களுக்குப் பிழையா விளங்கியிருக்கும் அண்ணை. அந்த அந்தரத்தில..."

"இல்லைத் தம்பி. அந்த நேரமே எனக்குத் தெரியும்."

எழுதாமல் இருந்தேன். எழுதச் சொல்லிக் கண்ணால் காட்டினார்.

"பிறகு வந்து கேட்டாங்கள், அமத்தினவனோ எண்டு. ஓம் எண்டன். அந்த ஒரு ஓம்தான் சொன்னனான். உந்தப் பொடியன் அதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான்."

"ஏன் அண்ணை இவ்வளவு காலமும்...?"

யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுதினதை இரண்டு முறை வாசிக்க வைத்துக் கேட்டார். ஓரிடத்தில் நான் "தெரியாத்தனமாக" என்று என் பாட்டுக்கு ஒரு சொல்லைச் சேர்த்திருந்தேன். அதை வெட்டச் சொன்னார்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டார்.

விழா ஞாயிறு மத்தியானம், ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தில். முதல் நாள் அங்கே யாரோ நம்மவரின் கலியாணம் நடந்திருக்கிறது. மணவறை கழற்றப்படவில்லை. தங்க நிறச் சிம்மாசனங்களில், யானை முகப்புகளுக்கு நடுவே, காது மடிந்த பழைய ரெஸ்லர்மார் மாப்பிள்ளைகள்போல இருந்தார்கள். எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஊன்றுகோலோடு மேடை ஏறி, அறிவிப்பாளரின் தலையைக் கமக்கட்டுக்குள் பிடித்து அவர் கெஞ்சும்வரை விடவில்லை. இருநூறு பேர் மேசையில் தட்டிச் சிரித்தார்கள்.

என் மேசையில் ரூபனையும் இருத்தியிருந்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தான். சேட்டுக்கு மேலே வைக்கோல் தொப்பி. தாடிக்காரர் வந்தார். தாடி இப்போது வெள்ளை, இடுப்பில் ஏதோ சத்திரசிகிச்சை. குனிந்து ரூபனைக் கட்டிப் பிடித்து, நீ ஓகே என்று சொன்னபடியால்தானே நான் தூக்கினேன், எனக்கு உன்மேல் கோபமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். கோபமில்லையாம். ரூபன் அவர் முதுகில் தட்டி, "மை பாட், மேன்" என்றான். தன் பிழையாம்.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"ரெஃபரி அங்கிள் பாவம். அதோட அவர் எல்லாத்தையும் விட்டிட்டாராம். என்னாலதானே."

நான் தண்ணீர் குடித்தேன். கடதாசி கோட்டின் உள்பையில் இருந்தது. வெளியே தெரிகிறதோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

செத்தவர்களுக்காக ரிங் மணியைப் பத்து முறை அடிப்பது அவர்களுடைய மரியாதை. அடித்தார்கள். எல்லாரும் எழும்பி நின்றார்கள், ரூபன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். அதன் பிறகு என்னை அழைத்தார்கள்.

பகிடி எனக்கு வரும், அதுதான் என் வியாதி. மடக்குக் கதிரைக் கதையைச் சொன்னேன். கதிரை மடிந்ததைக் காட்ட மேடையிலேயே ஒருமுறை விழுந்தும் காட்டினேன். சூப்பரின்டென்ட் கதை, ஆட்டுக் கதை, மூன்றுக்கு மேலே எண்ணத் தெரியாத கதை. என் ஆங்கிலம் நொண்டியடித்ததுகூட நன்மையாகப் போயிற்று, பாதிச் சிரிப்பு அதற்கு. எல்லாரையும்விட ரூபன்தான் கூடச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

கடதாசியை வெளியே எடுத்தேன். விரித்தேன். மண்டபம் அடுத்த பகிடிக்குக் காத்திருந்தது. இருநூறு முகம், எல்லாம் என்னைப் பார்த்து மலர்ந்து. செத்தவரின் பெயரை இந்த நேரத்தில் ஏன் கெடுப்பான், இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற பிள்ளையை ஏன் அழவைப்பான் என்று இரண்டு நல்ல காரணங்கள் உடனே வந்து நின்றன. இரண்டும் பொய். எனக்கு அந்தக் கைதட்டு வேண்டியிருந்தது. அறுபது வயதில் முதல்முறையாக ஒரு மண்டபம் என்னோடு சேர்ந்து சிரித்தது. அது நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"அவரிடம் யார் வென்றது என்று கேட்டால், மூன்று எண்ணி முடிந்த பிறகுதான் தெரியும் என்பார்" என்று சொல்லி முடித்தேன். கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தேன். எழும்பி நின்று கைதட்டினார்கள். வாங்க வேறு ஆளில்லாததால் அவருடைய பலகையையும் என்னிடமே தந்தார்கள்.

சாப்பாடு முடிந்து, ஒலிபெருக்கிக்காரர் வயர்களைச் சுருட்டத் தொடங்கிய பிறகு, வாசலடியில் ரூபனைக் கண்டேன். தன்னை ஏற்றிப்போகும் வான் வண்டிக்காகக் காத்திருந்தான். சனம் மிச்ச ரோல்ஸ் பலகாரத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து கார்களுக்குப் போனது.

"ஃபயர், அங்கிள். கொன்னுட்டீங்கள்" என்றான்.

பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கடதாசியை நீட்டினேன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நானே வாசித்தேன். இருநூறு பேருக்கு வாசிக்கவேண்டியதை அவன் காதுக்குள், கதவு திறந்து மூடும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி, குளிரில் வாசித்தேன்.

"நான் அமத்தேல்லையா?"

"இல்லை."

"ஷுவரா?"

"அவரே சொல்லி நான் எழுதினது. அந்த நேரமே தனக்குத் தெரியும் எண்டவர்."

தன் வலது கையைத் தூக்கி, யாருடையதையோ பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தான். வெளியே தாடிக்காரரின் டிரக் எங்களுக்கு முன்னால் மெதுவாக வந்து, கண்ணாடியை இறக்கி, அவனுக்குக் கைகாட்டிவிட்டுத் தெருவில் ஏறியது. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து கார்கள். அவன் ஒன்றுக்கும் கையசைக்கவில்லை. எல்லாம் போய்முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"குறை நினையாதை தம்பி" என்றேன். "எப்பிடியோ, அவர் கேட்டபடி உனக்குச் சொல்லிப்போட்டன்."

"மைக்கில சொல்லியிருக்கோணும், அங்கிள்" என்றான்.